கொட்டகலையின் இரண்டு ‘ட’

கையால் வரைந்த விளையாட்டு எழுத்துரு என்றதும் கோடு நெளிய வேண்டும், எழுத்து துள்ள வேண்டும் என்றுதான் தோன்றும். தமிழில் அதெல்லாம் பிறகு. முதலில் ‘கொட்டகலை’ என்று அடித்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ட-வும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால் கைவேலை என்ற எண்ணம் அங்கேயே கலைந்துவிடும். ஹட்டன், வட்டகொடை, தோட்டம் என்று இலங்கை மலையகத்தில் எழுத்து இரட்டிக்காத போர்டைத் தேடத்தான் வேண்டும். ‘தேத்தண்ணி’ இன்னும் மோசம், வரிசையாக மூன்று த.

ஆகவே வல்லின எழுத்துகளுக்கும் ம, ல, ன ஆகியவற்றுக்கும் இரண்டு வடிவமாவது வரையுங்கள், த-வுக்கு மூன்று. பிறகு ஓப்பன்டைப் எழுத்துருவில் பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் ‘கால்ட்’ (calt) விதியில், ட, புள்ளி, மறுபடி ட வந்தால் பின்னது மாற்று வடிவம் என்று எழுதுங்கள். ட் என்பதை ஒரே கிளிஃப்பாக, அதாவது ஒரே வரைவடிவமாக, ஏற்கெனவே சேர்த்திருந்தால் விதியிலும் அந்தக் கிளிஃப்தான் வர வேண்டும். இதை மறந்தால் விதி சத்தமில்லாமல் சும்மா கிடக்கும்.

எண்கள், நிறுத்தக்குறிகள் நீங்கலாக ஏறத்தாழ 85 வடிவங்கள் தேவை. அதில் உகர ஊகாரமே 36. பு, சு, வு கீழே இறங்கும். து, நு, லு வலப்பக்கம் சுழித்து ஏறும். கு, மு, ரு வளைந்து திரும்பும். ஒரே வாலை எல்லாவற்றிலும் ஒட்டினால் எழுத்தே இல்லை. டி, டீ தனியாக வரையுங்கள். எழுத்து மேலும் கீழும் துள்ளும் அளவை, எழுத்துருச் சதுரத்தின் 1000 அலகில் 25-க்குள் வையுங்கள். அதற்கு மேல் போனால் ‘கொ’வின் கொம்பு ஒரு படியிலும் க இன்னொரு படியிலும் நிற்கும். ர-வின் கால் நுனியில் சிறு இழுப்பு இருக்கட்டும், துணைக்காலோடு குழம்பாது.

மார்க்கரில் 4 செ.மீ. உயரத்துக்கு வரைந்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்து கோட்டுருவாக்கலாம். டிரேஸ் செய்த கோட்டில் விழும் மிச்சக் கணுப் புள்ளிகளைக் கட்டாயம் அழியுங்கள். நூற்றுக்கணக்கில் விட்டால் ஓட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டும்போது பிளேடு தடுமாறி ஓரம் பல்லுப்பல்லாக வரும்.

வரையப் பொறுமை இல்லாதவர்களுக்கு தாரிக் அஸீஸின் கவிவனார், எக் டைப்பின் பலூ தம்பி ஆகிய எழுத்துருக்கள் இரண்டும் இலவசம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வாசகத்தை மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

இத்தகைய எழுத்துரு கடைப் பெயர், பிறந்தநாள் பெனர், பாலர் பாடசாலைச் சுவர் என மூன்று நான்கு சொற்களுக்குப் பொருந்தும். திருவிழா நோட்டீஸின் உபயகாரர் பட்டியலுக்கு வேண்டவே வேண்டாம். போர்டு வேலையில் ஓர் அங்குல உயரத்துக்குப் பத்தடி தூரம் என்பது பொதுக் கணக்கு. பனி இறங்கும் வீதியென்றால் உயரத்தை இரட்டிப்பாக்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைக் கோட்டுத் தடிப்பைவிடச் சற்றுப் பெரிதாக வையுங்கள், பனியில் முதலில் காணாமல் போவது அதுதான்.