ணகரத்தின் மூன்றாவது சுழி

புளியந்தோப்பில் மாமாவின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் எக்ஸ்போஸ் நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது. மெஷ் என்ற மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, மருந்து பூசிக் காயவைத்த பிரேமின் மேல், டிசைனைக் கறுப்பில் எடுத்த பாசிட்டிவ் பிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மொட்டை மாடி வெயிலுக்குக் காட்டிவிட்டு, "டேய், ஓடிப்போய் டீ வாங்கினு வா" என்பார். தெருமுனைக் கடையில் தூக்கு நிறைய டீ வாங்கித் திரும்பும் நேரந்தான் கணக்கு. கடையில் கூட்டம் இருந்தால் அன்றைக்கு ஸ்கிரீன் காலி. பைக்ரோமேட் கலந்த மருந்து வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும். பாசிட்டிவின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து எழுத்துக்கு வழிவிடும். வெயில் கூடினால் அந்த வழியும் அடைத்துக்கொள்ளும். திட்டு எனக்கு விழும். இந்தத் தொழிலில் தனக்கு இருந்த பங்கு அந்த டீ மாஸ்டருக்குக் கடைசிவரை தெரியாது.

கல்யாணப் பத்திரிகை, துணிக்கடைப் பை, ஆட்டோ ஸ்டிக்கர், கேரம் போட்டி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. இதுதான் பட்டறை. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் ராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். விடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். 'கண்ணீர்' என்ற சொல்லில் இரண்டு ணகரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று சுழி. கொஞ்சம் சின்ன எழுத்தாகப் போட்டால் மூன்றாவது சுழிக்குள் மை தேங்கி, ரப்பர் பட்டையால் மையை இழுக்கும் நாலைந்து இழுப்பிலேயே பொட்டு வைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்குத் துணிக்கு அடிக்கிற, சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ்ஷில் அடித்தால் இன்னும் மோசம். காகிதத்துக்கு 120 இழையாவது வேண்டும் என்று மாமா வாயால் சொல்லித் தந்ததில்லை. அடைத்துக்கொண்ட ஒரு தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார், அவ்வளவுதான். இன்றைக்கும் எந்த எழுத்துருவைப் பார்த்தாலும் என் கண் முதலில் ணகரத்துக்குத்தான் போகிறது.

பிறகு கல்லூரி, பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒன்பது வருடம் கம்ப்யூட்டர் முன்னால். அதில் சொல்ல அதிகம் இல்லை. நான் வரைந்தது எதுவும் என் கையில் ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில் வெளிநாட்டுக் கச்சேரிப் போஸ்டர்களைச் சேகரிக்கிற பைத்தியம் பிடித்தது, திரையில் மட்டும். சான் பிரான்சிஸ்கோவில் 60களில் வந்த, எழுத்து நெளிந்து உருகும் போஸ்டர்களெல்லாம் ஸ்கிரீன் பிரிண்ட் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை இயந்திரத்தில் அடித்த ஆஃப்செட் என்று பின்னால் தெரிந்தபோது, சொந்தக்காரன் என்று நினைத்தவன் வேற்று ஊர்க்காரனாகிவிட்ட மாதிரி இருந்தது. கையால் இழுத்து அடித்த போஸ்டர்களுக்கு அங்கே 90களில் மறுபடி மவுசு வந்து, 2002இல் அதே ஊரில் ஃபிளாட்ஸ்டாக் என்று தனிக் கண்காட்சியே தொடங்கியிருக்கிறார்கள்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதல் முறை மேடை ஏறியது. சாவு வீட்டு வாசலில் விடிய விடியக் கேட்ட கானா, மைக்கும் கிதாருமாக நின்றது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பையன்களும் சின்னச் சின்னக் குழுவாக மேடை தேட ஆரம்பித்தார்கள். மேடை என்றால் போஸ்டர் வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டு மாமாவிடம் திரும்பினேன். "அங்க ஏசி இருந்துச்சில்ல?" என்று மட்டும் கேட்டார்.

முதல் போஸ்டருக்கு ஒரு டோலக்கை மட்டும் வரைந்தேன். மஞ்சள், நீலம், கறுப்பு. நீலத்தில், அடியில் உள்ள நிறம் தெரியவிடும் டிரான்ஸ்பரன்ட் பேஸ் கலந்ததால் மஞ்சள் மேல் விழுந்த இடம் பச்சையானது. மூன்று மையில் நாலு நிறம். எனக்கு ஒரே பெருமை. பாடகர் தம்பி வந்து டிசைனைப் பார்த்தார். "இன்னாண்ணா, மூஞ்சியே காணோம்? செத்தவனுக்கே மூஞ்சி போட்டு ஒட்றீங்க."

நிறுவனத்தில் படித்த அழகியல் முழுக்க அந்த ஒரு வரியில் போயிற்று. அவர் சொன்னது சரி. எங்கள் தெருவில் ஒருவன் முகம் சுவரில் வருவது பெரும்பாலும் அவன் போன பிறகுதான். முகத்தைப் புள்ளி போட்டு போட்டோவாக அடிக்காமல், தட்டைக் கறுப்பில் கையால் வரைந்தேன். டோலக் அவர் மடிக்கு இறங்கியது.

அடுத்த வம்பு மழை. நவம்பர். 20×30 அங்குலத் தாள், ஆண்டர்சன் தெருவில் வாங்கியது, அறுபது. மஞ்சளும் நீலமும் ஒரே நாளில் அடித்துவிட்டு வியாசர்பாடிக்கு வீட்டுக்குப் போனேன். ராத்திரி பிடித்த மழை விடவில்லை. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதும் எங்களுக்கு ஊர் இரண்டு. மூன்றாம் நாள் போய்க் கறுப்பை இழுத்தால், ஒரு ஓரத்தில் சரியாக உட்கார்ந்தது, எதிர் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. பிரேம் ஆடிவிட்டதோ என்று திருகாணியெல்லாம் முறுக்கினேன். மாமா ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "பேப்பர் தண்ணி குடிச்சி ஊதிக்கீதுடா. நீ பழைய அளவுக்கே சட்டை தைக்கிற."

ஓரத்தில் தாளை முட்டவைக்கும் அட்டைத் துண்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, பிழையை இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தார். மிச்சத்தை மறைக்கக் கறுப்புக் கோட்டைத் தடிமனாக்கிப் புது ஸ்கிரீன் போட வேண்டியிருந்தது. வெயில் இல்லை, டியூப்லைட் பெட்டியில் வைத்தோம். டீக் கணக்கு அதற்கு உதவாது, உட்கார்ந்து காத்திருந்தோம். இப்போது மழைக்காலத்தில் தாளை இரண்டு நாள் முன்னாலேயே பட்டறையில் பிரித்து வைத்துவிடுகிறேன். மூன்று நிறமும் ஒரே நாளில் முடியும் என்றால்தான் முதல் இழுப்பு.

கச்சேரியன்று அறுபதில் நாற்பது சுவருக்குப் போனது; இரண்டை மாடு தின்றது. மைதா பசை அதற்குப் பிடிக்கும். மீதி இருபதில் வெளிநாட்டு வழக்கப்படி இருபதில் எத்தனையாவது பிரதி என்று தெரிய, ஓரத்தில் பென்சிலால் 1/20, 2/20 என்று எண் போட்டு, கையெழுத்தும் போட்டுக் குழுவுக்குக் கொடுத்தேன். "பாக்கிக் கணக்கைப் போஸ்டர்லயே எழுதிட்டீங்களாண்ணா?" என்றார் பாடகர். விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. டோலக் வாசிப்பவர் தனியாக வந்து, ஒன்றாம் நம்பர் தனக்குத்தான் என்றார். அப்புறம் கோரஸ் பாடுபவர், அப்புறம் மேனேஜர்.

குழுவில் ஆறு பேர். புளியந்தோப்புக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இன்றைக்கு ஆறு ஒன்றாம் நம்பர் இருக்கிறது.