மூன்றாவது வீட்டில் இருந்த பூனையைத் தேடி ஊரெல்லாம் அலைந்த கதை

என் பூனை மிளகு தொலைந்து ஆறாம் நாள் ராத்திரிதான் கிடைத்தாள். இப்போது மேசைக்கு அடியில் சுகமாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பார்சல் வாங்கக் கதவைத் திறந்த அரை நிமிடத்தில் நழுவிவிட்டாள். போஸ்டர் ஒட்டினேன், வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டேன். அதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். நான் செய்த பெரிய முட்டாள்தனம், முதல் இரண்டு நாளும் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பயந்துபோனால் கிடைத்த முதல் இடுக்கில் ஒடுங்கிவிடுமாம், நாம் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காதாம். டாக்டர் சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன். காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-இல் வந்த ஓர் ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள்ளும், ஏறக்குறைய பாதி 50 மீட்டருக்குள்ளும் இருந்திருக்கின்றன.

மிளகின் தோலுக்கடியில் அடையாளத்துக்கு வைத்த சிப் இருக்கிறதே என்று ஒரு தைரியம் இருந்தது. ஆனால் அது வெறும் 15 இலக்க எண். யாராவது பூனையைப் பிடித்து, ரீடரைக் கிட்டே வைத்தால்தான் அது பேசும், ஜிபிஎஸ் கிடையாது. சரி, சிப் பதிவில் என் விவரமாவது சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று பதிவு செய்த இடத்துக்குப் போன் செய்தால், நான் எப்போதோ தூக்கிப்போட்ட பழைய போன் எண்தான் அதில் இருக்கிறது! மாற்றச் சொன்னேன். "பூனை உங்களுதுதான்னு ஆதாரம் அனுப்புங்க" என்றார்கள். ஆதாரம்தானே காணாமல் போயிருக்கிறது?

நடுவில் ஒருவர் அழைத்தார். பூனை அவரிடம் இருக்கிறதாம், கொண்டுவரச் செலவுக்குப் பணம் அனுப்ப வேண்டுமாம். நல்லவேளை, மிளகின் இடது பின்னங்கால் நுனி மட்டும் வெள்ளை என்பதைப் போஸ்டரில் சொல்லாமல் விட்டிருந்தேன். "பின்னங்கால் என்ன நிறம்?" என்று கேட்டதும் லைன் கட். நீங்களும் ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள்.

மூன்றாவது வீட்டில் முதல் நாளே கேட்டிருந்தேன். "எங்க பக்கம் வரலைங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். யாரும் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. ஆறாம் நாள் மறுபடி போய், "நீங்க தேட வேண்டாம், ராத்திரி நானே பார்த்துக்கிறேன். டார்ச் வெளிச்சம் தெரிஞ்சா திருடன்னு நினைச்சுடாதீங்க" என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பூனைக் கண்ணின் பளபளப்பு நமக்குத் திரும்பி வரும். இரண்டு மணிக்கு, மாடிப்படிக்குக் கீழே பழைய ஓடுகளின் பின்னால் இரண்டு பச்சைப் புள்ளிகள். ஆசையில் கையை நீட்டி, நல்ல கீறல் வாங்கினேன். அப்புறம் தரையில் படுத்து, ஒன்றும் பேசாமல், சாப்பாட்டுப் பாக்கெட்டை மெதுவாகக் கிழித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து முதலில் மூக்கு, அப்புறம் அந்த வெள்ளைக் கால்.

காயம் இல்லையென்றாலும் விடிந்ததும் டாக்டரிடம் போய்விடுங்கள். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். மிளகு தப்பித்தாள், எடைதான் குறைந்திருக்கிறது.

எண் மாற்றக் கேட்டதற்கு நேற்றுதான் பதில் வந்தது. நான் அனுப்பிய படம் தெளிவாக இல்லையாம்.