சைப்ரஸ் ஒன்றாகுமா? ஒரு வாரக் குறிப்புகள்

ஜூலை 15

சைப்ரஸ் தீவு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: தெற்கில் கிரேக்க மொழி பேசுவோர், வடக்கில் துருக்கி மொழி பேசுவோர். இன்று காலை 8.20க்குத் தெற்கு சைப்ரஸில் சைரன் ஊதியிருக்கும். 1974இல் இதே நாளில், கிரீஸின் ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அதிபர் மக்காரியோஸைக் கவிழ்த்தார்கள். ஐந்து நாள் கழித்துத் துருக்கிப் படை வந்து இறங்கியது. ஆகஸ்ட் முடிவதற்குள் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் கையில் இருந்தது.

தெற்கில் இருப்பவர்கள் பிரிவினையின் கதையை இங்கிருந்து தொடங்குகிறார்கள். வடக்கில் 1963 டிசம்பரிலிருந்து. அப்போது தலைநகர் நிக்கோசியாவில் கலவரம் மூண்டு, பிரிட்டிஷ் தளபதி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு போட்டார். ஐ.நா. படை 1964இலேயே வந்துவிட்டது. 1974க்கு முன் அந்த நாடு ஒன்றாகத்தான் இருந்தது என்று சொல்வதே எனக்குச் சந்தேகம்தான்.

ஜூலை 16

1960 அரசியலமைப்பைப் பற்றிப் படித்தேன். அதிபர் கிரேக்கர், துணை அதிபர் துருக்கியர். வெளியுறவு, பாதுகாப்பு விஷயங்களில் இருவருக்குமே வீட்டோ, அதாவது முடிவைத் தடுக்கும் உரிமை. அரசு வேலை 70க்கு 30. துருக்கியர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 18 சதவீதம்தான். ஒரு தரப்புக்கு இது அநியாயமாகப் பட்டது, மறுதரப்புக்கு உயிர்க் காப்பு. மாப்பிள்ளையையும் பெண்ணையும் கேட்காமல் சம்பந்திகளே பேசி முடித்த கல்யாணம் மாதிரி, 1959இல் கிரீஸும் துருக்கியும் சூரிச்சில் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாடு இது. 1963 நவம்பரில் மக்காரியோஸ் 13 திருத்தங்களை முன்வைத்தார். வீட்டோவை எடுப்பதும் அதில் ஒன்று. அடுத்த மாதமே ரத்தம்.

(படிக்கும் தமிழருக்கு இன்னொரு தீவு நினைவுக்கு வரும். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.)

ஜூலை 18

தீவு மறுபடி ஒன்றாகுமா என்ற என் சந்தேகத்துக்கு வேர் 2004 வாக்கெடுப்பு. அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் பெயரில் வந்த திட்டம்: இரண்டு பகுதிகள் சேர்ந்த ஒரு கூட்டாட்சி. ஏப்ரல் 24 அன்று இருபுறமும் தனித்தனியாக வாக்களித்தார்கள். வடக்கில் 65 சதவீதம் சரி என்றது. தெற்கில் 76 சதவீதம் வேண்டாம் என்றது.

பகை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய ஆண்டுதான் அந்தப் பிரிவினைக் கோட்டைக் கடக்க வழி திறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் போய்த் தங்கள் பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெரிய அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. திட்டத்தில் தெற்கத்தியருக்கு உண்மையான குறைகளும் இருந்தன: துருக்கிப் படை ஒரேயடியாகப் போகாது, வீடு இழந்த எல்லோருக்கும் வீடு திரும்பக் கிடைக்காது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. மே 1 அன்று சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சரி என்றாலும் இடம் உண்டு, வேண்டாம் என்றாலும் உண்டு. அப்புறம் எதற்கு அதிகாரத்தைப் பங்கு போட வேண்டும்? சரி என்று சொன்ன வடக்கு வெளியே நின்றது.

ஜூலை 20

விடிகாலை 5.30க்குத் தெற்கில் மறுபடி சைரன், படை இறங்கிய நாள். வடக்கில் இதே நாள் விழா, ராணுவ அணிவகுப்பு.

ஆனாலும் நிக்கோசியாவின் சாக்கடை ஒன்றுதான்! 1978இல், மேலே யாரும் எதற்கும் ஒத்துப்போகாத காலத்தில், இருபுற மேயர்கள் லெல்லோஸ் டெமெட்ரியாடிஸும் முஸ்தஃபா அக்கிஞ்சியும் கழிவுநீர்த் திட்டத்தைச் சேர்ந்தே நடத்த ஒப்புக்கொண்டார்கள். சுத்திகரிப்பு நிலையம் வடக்கில், கழிவு இரண்டு பக்கத்திலிருந்தும். இதைக் காட்டி நம்பிக்கை பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. சேர்ந்து ஆளாமலே சேர்ந்து வாழப் பழகிவிட்டால், சேர்ந்து ஆளும் அவசரம் யாருக்கு?

வடக்கத்தியரிலும் பலர் தெற்கின் அரசான சைப்ரஸ் குடியரசின் பாஸ்போர்ட் வாங்கி ஐரோப்பியக் குடிமக்களாகிவிட்டார்கள். அவர்களுக்கும் அவசரம் பாதி குறைந்திருக்கும்.

ஜூலை 22

2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மோன்டானாவில் இணைப்புப் பேச்சு முறிந்தது. துருக்கிப் படையும் அதன் தலையிடும் உரிமையும்தான் பெரிய முட்டுக்கட்டை. வடக்கின் தலைவராகப் பேசிய அக்கிஞ்சி அதே பழைய மேயர். 2020இல் வடக்கின் தலைவர் தேர்தலில் அவரைத் தோற்கடித்த எர்சின் டாட்டர் இரண்டு நாடுகள் என்றார். 2025 அக்டோபரில் அந்த டாட்டரையும் வீழ்த்தி, கூட்டாட்சி பேசும் துஃபான் எர்ஹுர்மான் பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

நல்ல செய்திதான். ஆனால் 2004இலும் வடக்கு சரி என்றுதானே சொன்னது? அடுத்த திட்டம் வந்தால், படை எப்போது வெளியேறும் என்ற பக்கத்தை நான் முதலில் புரட்டப்போவதில்லை. வேண்டாம் என்று சொல்லும் தரப்புக்கு என்ன நட்டம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா, அதைத்தான் தேடுவேன்.