டாக்டர் ஹூவும் ஒரு புரோகிராமிங்காரனின் கணக்கும்

டிவி சேனலில் புரோகிராமிங் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நின்றுபோன தொடர் திரும்ப வருகிறது என்றால், கதையை விட்டுவிட்டு ‘எந்த ஸ்லாட், ரைட்ஸ் யாரிடம்?’ என்றுதான் முதலில் கேட்போம். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ பற்றிப் பேச்சு வந்தாலும் எனக்கு அதே புத்திதான். காலப் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்பவரின் அறிவியல் புனைகதைத் தொடர் அது; டாக்டராக நடிப்பவர் அவ்வப்போது மாறுவார்.

1963இல் தொடங்கிய தொடர், 1989 டிசம்பரோடு நின்றது. பெரிய அறிவிப்பெல்லாம் இல்லை. அடுத்த சீசன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். (எங்கள் தொழிலில் தொடர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகும்.) 2005இல் அது உயிர்பெற்றதை ரசிகர்களின் அன்புக்குக் கிடைத்த வெற்றி என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

1996ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க சேனல் ஃபாக்ஸ், ஹாலிவுட் ஸ்டுடியோ யுனிவர்சல், பிபிசி மூன்றும் சேர்ந்து, நடிகர் பால் மெக்கானை டாக்டராகப் போட்டு, கனடாவின் வான்கூவரில் ஒரு டிவி படம் எடுத்தன. தேறினால் தொடராக்கலாம் என்று திட்டம். பிரிட்டனில் சுமார் 90 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் முடிவு ஃபாக்ஸ் கையில். அவர்கள் படத்தைப் போட்டது மே மாதத்தில். அமெரிக்காவில் மே என்றால் ரேட்டிங் கணக்கெடுக்கும் மாதம், எல்லா சேனலும் கனமான சரக்கை இறக்கும். எதிரே ஓடியது பிரபல நகைச்சுவைத் தொடர் ‘ரோசேன்’. படம் தேறவில்லை. அந்த அட்டவணையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேறொரு வாரத்தில் போட்டிருந்தால்? அமெரிக்கப் பணத்தில் தொடர் ஓடியிருக்கும், 2005இல் தொடரைத் தயாரித்த வேல்ஸின் கார்டிஃப் நகருக்கு அந்த வேலையே போயிருக்காது.

2003இல் இன்னொரு பாதையும் திறந்தது. 40ஆம் ஆண்டுக்காக, நடிகர் ரிச்சர்ட் ஈ. கிராண்ட் குரலில் இணையத்துக்கு ஓர் அனிமேஷன் கதை தயாரானது. அவர்தான் ஒன்பதாவது டாக்டர் என்று அறிவித்தும் விட்டார்கள். அது வெளிவரும் முன்பே, செப்டம்பரில், எழுத்தாளர் ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதும் புதிய தொடரை பிபிசி ஒன் அறிவித்துவிட்டது. கிராண்ட் கணக்கிலேயே இல்லாமல் போனார். ஒரே நிறுவனத்தில் பக்கத்து அறையில் நடப்பது தெரியாமல் இருக்குமா என்று வெளியாட்கள் கேட்பார்கள். தாராளமாக இருக்கும். ஒரு சேனலில் நாங்கள் பழைய தொடர் ஒன்றின் இரண்டாம் பாகத்துக்கு நடிகர்களின் கால்ஷீட் வரை பேசிவிட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, மார்க்கெட்டிங் பிரிவு அதே டைட்டிலை ஒரு கேம் ஷோவுக்குக் கொடுத்திருந்தது.

உண்மையான திருப்பம் லொரெய்ன் ஹெகஸியிடம் இருக்கிறது. பிபிசி ஒன்னின் தலைவராக இருந்த அவருக்குத் தொடர் வேண்டும். பிபிசியின் வணிகப் பிரிவோ சினிமாப் படம் எடுக்கும் ஆசையில் இருந்தது. படம் நகரவில்லை, அவரும் விடவில்லை. அந்த நாற்காலியில் கொஞ்சம் சோம்பலான ஆள் உட்கார்ந்திருந்தால், இன்றுவரை அந்தப் படத்துக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

2005 மார்ச் 26, சனிக்கிழமை மாலை ஏழு மணி. ஒரு கோடிக்கும் மேல் பார்வையாளர்கள். சில நாட்களிலேயே இரண்டாவது சீசன் உறுதியானது. கூடவே, கதாநாயகன் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் விலகுகிறார் என்ற செய்தியும் வெளியானது. அன்று அந்த அலுவலகத்தில் எத்தனை போன் அடித்திருக்கும் என்று எங்கள் டிபார்ட்மென்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.