சிவப்புக் கல் 1

அந்த ரசீதில் ‘மாணிக்கம்’ என்று எழுதாமல் ‘சிவப்புக் கல் 1’ என்று நான் எழுதியது பொய்யல்ல என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நான் வேலை பார்த்த நகைக்கடையில், பழுது பார்க்க வரும் கல்லுக்குப் பெயர் எழுதக் கூடாது, நிறத்தை மட்டுமே எழுத வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பான விதி. சோதிக்காத கல்லுக்குப் பெயர் கொடுத்துவிட்டால் அந்தப் பெயருக்குக் கடைதான் பொறுப்பு என்பார். ஆனால் அந்தக் கல்லை நான் சோதித்திருந்தேன்.

ஓர் அம்மா தம் பேத்தியின் விரலுக்காகப் பெரிதாக்கக் கொண்டுவந்த பழைய மோதிரம் அது. கல்லில் ஏற்கெனவே உள்ள உடைசலையும் தேய்மானத்தையும் குறித்துக்கொள்ளாமல் பட்டறைக்கு அனுப்ப மாட்டோம் என்பதால் பத்து மடங்கு லென்ஸை எடுத்தேன். கல் பார்க்கும் மாலை வகுப்பில் அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். எது கையில் வந்தாலும் அதன் சாயலுக்கும் செறிவுக்கும் மனத்துக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த காலம். கடையின் மஞ்சள் விளக்கு எந்தச் சிவப்பையும் ஒரு படி உயர்த்திக் காட்டிவிடும். ஆகவே வாசல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் மோதிரத்தைப் பிடித்து மெல்லச் சாய்த்தேன். ஒரு சாய்வில், இசைத்தட்டின் வரிகளைப் போல, மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன.

மண்ணுக்குள் விளைந்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடும், கோணத்தில் மடங்கும், வளையாது. உருகிய தூள் துளித்துளியாக விழுந்து உறையும் செயற்கைக் கல்லில்தான் அவை வளையும். பிரான்சில் வெர்நோய் என்ற வேதியியலாளர் இந்தச் செயற்கை முறையை வெளியிட்டது 1902இல் என்பதால், கல் பழையது என்பது எதற்கும் சான்றாகாது.

“எங்கப்பா ரங்கூன்ல வாங்குனது தம்பி. நாப்பத்திரண்டுல நடந்தே வந்தப்போ வேட்டி முடிச்சுல இருந்துச்சாம்,” என்றார் அந்த அம்மா, ரசீதைப் பார்த்தபடி. “மாணிக்கம்னு எழுத மாட்டீங்களா?”

“கடை வழக்கம்மா. எல்லாக் கல்லையும் நிறத்த வச்சுத்தான் எழுதுவோம்.”

“நல்ல கல்லுதானே?”

“நிறம் ரொம்ப நல்லா இருக்கும்மா.”

அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒளிவிலகல் எண் 1.762 முதல் 1.770 வரை, அடர்த்தி ஏறத்தாழ 4 என்று இயற்கைக் கல்லுக்கும் செயற்கைக் கல்லுக்கும் கணக்கு ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். அவர் விற்க வரவில்லை, அடகு வைக்கவும் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஒரே அடையாளத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னதையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். ஆனால் வளைகோடு மட்டும் தனியாகவே போதும் என்று சொன்னவரும் அதே ஆசிரியர்தான்.

வளைகோட்டுக்குப் பதிலாக, இயற்கைக் கல்லின் அடையாளமாக, பட்டு இழைபோல் குறுக்கிட்டோடும் ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் தெரிந்திருந்தால், விதியையெல்லாம் மறந்து அந்த அம்மாவின் கையிலேயே லென்ஸைக் கொடுத்து “பாருங்கம்மா” என்று கூவியிருப்பேன். விதி எனக்கு நினைவு வந்தது கெட்ட செய்தி கையில் இருந்தபோதுதான்.

மாலையில் முதலாளியிடம் சொன்னேன். “செயற்கையான்னு கேட்டாங்களா?” என்றார். நல்ல கல்லா என்று கேட்டதாகச் சொன்னேன். “அது கேள்வி இல்லப்பா,” என்றவர், வாங்கி வைத்த பிறகு வாயைத் திறந்தால் கல்லை நாம்தான் மாற்றிவிட்டோம் என்பார்கள் என்றும் சொன்னார். கல் மாற்றிய பழி இந்தத் தொழிலில் எவ்வளவு பெரியது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரணத்துக்காகவே, வாங்கும் முன் அந்த அம்மாவின் கண்ணெதிரில் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? நாளை அந்தப் பேத்தி ஓர் ஆய்வகத்தில் சான்றிதழ் கேட்டால், கடைசியாக மோதிரம் தங்கிய இடம் எங்கள் கடை என்றுதானே தோன்றும்? ரங்கூனில் ஏமாற்றியவர் இருந்தால், அவர் மேலிருக்க வேண்டிய சந்தேகம் எங்கள் மேல் விழும். அல்லது அந்த அம்மாவின் தந்தைக்கே எல்லாம் தெரிந்திருக்கலாம். தெரிந்தேதான் முடிந்துகொண்டு நடந்தாரோ என்னவோ.

மோதிரத்தை அவர் வாங்கிக்கொள்ள வரவேண்டிய வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். உடன் வேலை செய்தவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டிருக்கலாம். கேட்கவில்லை.