தெருவுக்குத் தெரு நாட்டுச்செடித் திட்டுகள்: இதுவரை செய்து பார்த்தது

தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உதவ நாட்டுச்செடி வளர்ப்பதென்றால், ஒரே வீட்டில் பெரிய தோட்டம் போடுவதைவிடத் தெரு நெடுகச் சின்னச் சின்னத் திட்டுகளாகப் போடுவதுதான் பலன் தருகிறது. கூட்டமாக அன்றித் தனித்தனியாகக் கூடு வைக்கும் சிறிய தனித்தேனீக்கள் கூட்டைவிட்டுச் சில நூறு மீட்டர்தான் இரைதேடிப் போகும். அதனால் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது செடிகளை அல்ல, இடைவெளிகளை. ஒரு திட்டுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், 3 சதுர மீட்டர் இடம்கூட உதவும்.

அடுத்தது மண். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, வடிந்தபின் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை மணிக்கு 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால், அங்கே மழைநீர்ப் பள்ளம் (மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தாழ்வான செடிப்பாத்தி) வேண்டாம். நீர் தேங்கிக் கொசு பெருகும்.

புல்லை உழாமல் அட்டைப்பெட்டியால் மூடினோம். டேப்பை உரித்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, மேலே 8 முதல் 10 செ.மீ. சருகு. சாதாரணப் புல் இதில் அடங்கிவிடும், கோரை அடங்காது. அதன் கிழங்கிலிருந்து வரும் முனை ஊசிபோல் அட்டையைத் துளைத்துக்கொண்டு வரும். மேலே கிள்ளுவது வீண்வேலை. மூடுவதற்கு முன்பே கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், அதுவும் பலமுறை. சருகைத் தண்டோடு ஒட்டப் போட்டால் அடி அழுகும். சுற்றிலும் ஒரு கைப்பிடி இடம் விடுங்கள்.

செடித் தேர்வில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். யாரும் தண்ணீர் ஊற்றாத பக்கத்து நிலத்தில் என்ன வளர்கிறது என்று பார்ப்பது நல்ல தொடக்கம், ஆனால் தானாக முளைப்பதெல்லாம் நாட்டுச்செடி ஆகாது. வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும். தேன் கிடைக்கிறதே தவிர, அவற்றின் புழுக்களுக்கு அந்த இலை உதவாது. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட எருக்கு மாதிரி ஒரு செடி வேண்டும். எருக்கிலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வெளிறிய சிறு முட்டை தனித்தனியாக ஒட்டியிருக்கும். சில நாளில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு புழு இலையை ஓட்டையாக்கும். பார்ப்பவர்கள் மருந்தடிக்கச் சொல்வார்கள். "இந்த ஓட்டைகள் இருக்கத்தான் வேண்டும்" என்று ஒரு பலகை வைத்தால் பாதிப் பேச்சு குறையும்.

நடவுக்குப் பெரிய கன்றைவிடச் சிறு நாற்றே மேல். வேர் தொட்டிக்குள் சுருண்டிருக்காது. 30 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்குச் சுமார் 11. ஒரே வகையை 3 அல்லது 5 சேர்த்து நட்டால் தேனீ தேடி அலையாது. குழியில் உரம் வேண்டாம், களைதான் கொழுக்கும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சி, பிறகு படிப்படியாகக் குறைக்கலாம்.

வெயில் படும் ஒரு மூலையை மூடாமல் வெறும் மண்ணாக விட்டிருக்கிறோம். தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன. பென்சில் பருமனுக்கும் குறைவான துளைகள் தெரிந்தால் அங்கே மிதிக்கவோ கொத்தவோ கூடாது.

அடுத்து விதை சேகரிப்பு. காய் வெடிக்கும் முன் மெல்லிய துணிப்பை கட்டி, நிழலில் உலர்த்தி, செடியின் பெயரும் எடுத்த இடமும் எழுதிய காகித உறையில் போட்டு, திட்டு இல்லாத வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும்.