அஞ்சறைப்பெட்டி மூடி ஒருவழியாக நகர்ந்தது

ஐந்து மாதமாகப் பாதியில் சிக்கிக் கிடந்த மூடி நேற்றுக் காலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மரத்தைச் சீவும் இழைப்புளி அதன் மேல் படவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

பெட்டி, கார்த்திகையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியது. பலா மரம், இழுத்துத் திறக்கிற மூடி. பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று பிசுக்கோடு தூக்கி வந்தேன். பாலிஷ் ஏறிவிட்டால் பழைய தேய்மானம் எது, புதிதாக உரசியது எது என்று பிரிக்க முடியாது. இதில் விரல் வைத்து இழுக்கும் குழி வலப்பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருக்கிறது. எத்தனை வருஷம் ஒரே பழக்கத்தில் இழுத்திருக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் மூடி பாதியில் நின்றது. ஆசாரியிடம் காட்டினேன். “ஓரத்துல ரெண்டு இழைப்பு இழைச்சா சரியாயிடும் சார்” என்றார். எனக்கு மனசு வரவில்லை. மரம் ஈரம் குடித்தால் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்கே, அகலத்தில்தான் ஊதும், ரேகை ஓடும் நீளத்தில் அநேகமாக மாறாது. மூடியின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது, அதனால் அகலம் கூடும். பெட்டியின் முன்பலகையில் ரேகை குறுக்கே ஓடுவதால், மூடி வழுக்கி ஓடும் இரண்டு பக்கப் பள்ளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் இழைத்துவிட்டால் கோடையில் மூடி லொடலொடவென்று ஆடும்.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியின் அகலத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்தேன்: 121.4 மி.மீ. பழைய வேட்டியில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். வெயிலில் வைக்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பலகை கோணிக்கொள்ளும். மாசிக் கடைசியில் 120.8, இந்தச் சித்திரையில் 120.3.

அப்படியும் லேசாகப் பிடித்தது. பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் கல்லாக இறுகியிருந்தன. ஆணி, கத்தி எதையும் உள்ளே நுழைக்காமல், மூங்கில் குச்சியை உளிபோலச் சீவி, டார்ச் அடித்து அடித்து மூன்று சாயங்காலம் சுரண்டினேன். இடது மூலையில் ஒரு முழுக் கடுகு உட்கார்ந்திருந்தது. அது வெளியே விழுந்ததும் மூடி கையோடு வந்தது. கடுகைச் சின்னக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஓரங்களுக்குத் தேன்மெழுகு மட்டும் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். அது மரத்தில் காயாது. தூசி பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும். வெளிப்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம் என்றிருக்கிறேன். அது துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவைக்க வேண்டும்.

இன்னும் வேலை முடியவில்லை, ஆனால் மனசு அதற்குள் ஓர் உப்பு மரவைக்கு (உப்பு போட்டு வைக்கும் மரக் கிண்ணத்துக்கு) போய்விட்டது. தேவகோட்டையில் பார்த்தேன். ஒரே கட்டையில் குடைந்தது, ஆணியே கிடையாது. இரும்பு ஆணி இருந்தால் உப்பு என்றைக்கோ அதைத் தின்றிருக்கும். விலைதான் படியவில்லை, ஆனிக்குள் இன்னொரு நடை போக வேண்டும். அதற்குள் அஞ்சறைப்பெட்டியின் மிளகு அறைத் தடுப்பை ஒட்டிவிடணும். விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் வச்சிரப் பசை வாங்கி வைத்திருக்கிறேன். பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால் வெந்நீர் பட்டாலே இளகிவிடும்.